சேவல் முள்ளில் உயிர் எதுவரை?

கறுப்புப் பேடை இரண்டு நாளாக இரைக்கு வரவில்லை. கூண்டின் மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றது. கழிச்சல் இல்லை, சளி இல்லை, கொண்டையும் வெளுக்கவில்லை. பிடித்துத் தூக்கி இறக்கையை விரித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. இடது விலாவில் விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்திருந்தது. மேலே இறகு மூடியிருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. கீரியாக இருக்குமோ என்று முதலில் நினைத்தேன். கீரி கழுத்தைத்தான் குறிவைக்கும், உயிரோடு விட்டும் போகாது. பூனையின் நகம் என்றால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மூன்று கீறலாவது இருக்க வேண்டும். இதுவோ ஒற்றைக் கிழிசல். வலது விலாவைத் திருப்பினால் அங்கேயும் அதே உயரத்தில் ஒரு காயம், ஆறத் தொடங்கிய நிலையில். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் காயம் என்றால், காயப்படுத்தியவனுக்கு இரண்டு பக்கமும் ஆயுதம் இருக்கிறது. அவன் வேலிமேல் ஏறி நெஞ்சை நிமிர்த்திக் கூவிக்கொண்டிருந்தான்.

எங்கள் செவலைச் சேவலுக்கு அப்போது மூன்று வயது. ஒவ்வொரு காலிலும் சுண்டுவிரல் நீளத்துக்கு முள், நுனி ஊசியாக இருந்தது. சேவல் மிதிக்கும்போது பேடையின் பிடரி இறகை அலகால் கவ்விக்கொண்டு அதன் முதுகில் ஏறி நிற்கும். கால் வழுக்கினால் முள் விலாவோடு இழுத்துக்கொண்டு இறங்கும். பேடைக்கு வேண்டுமென்று செய்த காயம் இல்லை இது. ஆனால் சேவலுக்குப் பிடித்த பேடை எதுவோ, அதற்குத்தான் அடி அதிகம்.

முள்ளை அடியோடு அறுத்துவிட்டால் என்ன என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கட்டுத்தறியில் நின்ற காளையைக் காட்டினார். "கொம்பு சீவறதைப் பாத்திருக்கீங்களா தம்பி? அதே கணக்குத்தானுங்க இதுக்கும். மேலாக்கச் சீவலாம். உசுரு இருக்கற பக்கம் போகக்கூடாது."

சேவல் முள்ளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய உடற்கூறு மொத்தமும் அந்தச் சொல்லில் இருக்கிறது. முள்ளில் உயிரில்லாத பகுதி ஒன்று, உயிருள்ள பகுதி ஒன்று. இரண்டுக்கும் எல்லை எங்கே என்று தெரிந்தவர் கையில் அரத்தைக் கொடுக்கலாம்.

கொம்பின் கணக்கு

மாட்டுக் கொம்பின் மேல் ஓட்டைச் சீவும்போது மாடு அசைபோட்டுக்கொண்டே நிற்கும். அளவு மீறி உள்ளே போனால் ரத்தம் கொட்டும், மாடு திமிறும். வெளியே தெரிவது கெரட்டின் என்னும் புரதத்தாலான உறை. உள்ளே இருப்பது எலும்பு. சேவலின் முள்ளும் இதே கட்டுமானம்தான். நடுவில் கூம்பு வடிவ எலும்பு, அதன் மேல் கொம்புப் பொருளாலான உறை. நம் நகமும் முடியும், மாட்டின் குளம்பும் கெரட்டின்தான். பறவைகளின் அலகிலும் நகத்திலும் கால் செதிலிலும் முள்ளிலும் இருப்பது, ஊர்வன இனத்தோடு அவை பகிர்ந்துகொள்ளும் இன்னும் கெட்டியான ஒரு வகை.

எலும்புக்கும் உறைக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மெல்லிய உயிர்த்தசை. ரத்தக் குழாய்களும் நரம்பு முனைகளும் ஓடும் இந்தப் படலம்தான் உறையை உண்டாக்குகிறது. உள்ளிருந்து புதிது உருவாக உருவாக, பழையது வெளியே தள்ளப்படுகிறது. பொட்டலம் மடிக்கும் காகிதக் கூம்புகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகியதுபோல் முள் வளர்கிறது. ஆகவே நுனியில் இருப்பது மிகப் பழைய சரக்கு. அங்கே வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. அடியை நோக்கி வர வர உறை மெலிகிறது, எலும்பு தடிக்கிறது. அடிப்பகுதியில் முள்ளை அறுப்பது நகம் வெட்டுவது ஆகாது, விரலை வெட்டுவதுதான்.

முள் எங்கே இருக்கிறது என்பதையும் சரியாகப் பார்க்க வேண்டும். கோழியின் முழங்கால் ஏன் பின்பக்கமாக மடங்குகிறது என்று குழந்தைகள் கேட்பார்கள். அது முழங்கால் இல்லை, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. கோழி எப்போதும் விரல்களை ஊன்றி, குதிகாலைத் தூக்கியபடியே நடக்கிறது. செதில் போர்த்து, குச்சிபோல் தெரியும் அந்தக் கால், பாத எலும்புகள் பல ஒன்றாக இணைந்து நீண்ட ஒற்றை எலும்பு. அதன் உட்பக்கத்தில், சற்றுப் பின்னால் தள்ளி முள் முளைக்கிறது. நம் பாதத்தின் உள்விளிம்பில், பெருவிரலுக்கும் குதிகாலுக்கும் இடையே ஒரு கொம்பு முளைத்தால் எப்படியிருக்கும், அப்படி. முள்ளைப் பின்விரலோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. பின்விரலில் மூட்டு இருக்கும், மடங்கும். முள்ளில் மூட்டு கிடையாது.

பொரித்த குஞ்சின் காலிலேயே அதற்கு இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. மற்ற செதில்களைவிடச் சற்றுப் பெரிய ஒரு செதில்மேடு. மாதங்கள் போகப் போக அது மேடாகி மொட்டாகிறது. உள்ளே எலும்பு தனியாகத் தோன்றி, பிறகுதான் கால் எலும்போடு ஒட்டிக்கொள்கிறது. இளஞ்சேவலின் முள்ளை விரலால் தொட்டு அசைத்தால் இலேசாக அசையும். வயதான சேவலின் முள் இம்மியும் நகராது. ஒட்டியபிறகு முள்ளுக்கு விழும் அடி நேரே கால் எலும்புக்குப் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆண்மை முள்ளில் இல்லை

முள்ளைச் சேவலின் வீரியத்தோடு சேர்த்துப் பார்ப்பது பழைய வழக்கம். கி.மு. 37-ல் வேளாண்மை நூல் எழுதிய ரோமானியர் வாரோ, சேவலைக் காயடிக்க அதன் காலின் அடிப்பகுதியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டு, புண்ணில் குயவர் மண்ணைப் பூசும் முறையைச் சொல்கிறார். பாவம் அந்தச் சேவல்கள். சேவலின் விதைகள் வயிற்றுக்குள்ளே, முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்தின் பக்கத்தில் இருக்கின்றன. காலில் சூடு வைத்தால் கால்தான் வெந்திருக்கும்.

விதைக்கும் சேவலின் மிடுக்குக்கும் உள்ள உறவை 1849-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்தோல்டு என்ற மருத்துவர் சோதனையில் காட்டினார். ஆறே ஆறு இளஞ்சேவல்கள். விதை நீக்கப்பட்டு அப்படியே விடப்பட்டவற்றுக்குக் கொண்டை சுருங்கியது, கூவலும் சண்டையும் போயின. நீக்கிய விதையை வயிற்றுக்குள் வேறோரிடத்தில் திரும்ப வைத்தவற்றுக்கு எல்லாம் வழக்கம்போல் இருந்தன. நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் விதை வேலை செய்கிறது என்றால், அது ஏதோ ஒன்றை ரத்தத்தில் கலந்து அனுப்புகிறது என்று பொருள். ஹார்மோன் அறிவியலின் முதல் படி ஒரு கோழிக்கூண்டில் எடுத்துவைக்கப்பட்டது.

ஆனால் முள் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. காயடித்த சேவலின் கொண்டை சுருங்கும், முள் மட்டும் தன்பாட்டுக்கு வளரும். அதைவிட வியப்பு, சூலகத்தை நீக்கிய பேடைக்கும் முள் முளைக்கும். முள்ளை வளர்ப்பது ஆண் ஹார்மோன் என்று நாம் நினைத்திருக்க, உண்மையில் அதை வளரவிடாமல் அடக்கி வைத்திருப்பது பேடையின் ஈஸ்ட்ரோஜன். அந்த அடக்குமுறை தளர்ந்தால் முள் தலைகாட்டும். வயதான பேடைகளின் காலில் முள் இருப்பதற்கு இதுவே காரணம். சில இனங்களில் முட்டையிடும் பேடைக்கே சிறு முள் இருக்கும். பேடைக்குப் பொதுவாக இடது சூலகம் ஒன்றுதான் வேலை செய்கிறது. நோயால் அது கெட்டுப்போனால் முள்ளோடு சேவலின் இறகும் வரலாம், சில பேடைகள் கூவவும் தொடங்கும். பெட்டைக் கோழி கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று அதன் கழுத்தைத் திருகியவர்கள், உள்ளே ஒரு நோயாளி இருப்பதை அறியவில்லை.

2010-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கதையில் இன்னொரு முடிச்சைப் போட்டது. ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவன ஆய்வாளர்களுக்கு ஒரு பாதி சேவலாகவும் மறு பாதி பேடையாகவும் இருந்த மூன்று கோழிகள் கிடைத்தன. சேவல் பக்கத்துக் காலில் பெரிய முள், தாடியும் அந்தப் பக்கம் பெரிது. உடம்பு முழுக்க ஓடுவது ஒரே ரத்தம், அதில் கலந்திருக்கும் ஹார்மோனும் ஒன்றே. அப்படியிருந்தும் வலமும் இடமும் வேறுவேறாக வளர்ந்திருக்கின்றன. பறவையின் ஒவ்வொரு செல்லும் தான் ஆணா பெண்ணா என்பதைத் தன்னளவில் அறிந்து, ஹார்மோனுக்கு அதன்படி பதில் சொல்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது.

முள் சொல்லும் வயது

சேவல் உள்ளவரை முள் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் சந்தையில் சேவல் வாங்குபவர் முதலில் பார்ப்பது காலைத்தான். மொட்டாக இருந்தால் இளசு, நீண்டு வளைந்திருந்தால் கிழடு. தொல்லியலாளர்களும் இதையே செய்கிறார்கள். வயது தெரிந்த சேவல்களின் எலும்போடு ஒப்பிட்டு, பிரிட்டனில் கிடைத்த இரும்புக் காலம், ரோமானியக் காலம், சாக்சன் காலம் ஆகியவற்றைச் சேர்ந்த முள்ளுள்ள 123 கால் எலும்புகளை ஆராய்ந்து 2021-ல் ஒரு கட்டுரை வந்தது. பாதிக்கு மேற்பட்டவை இரண்டு வயதைத் தாண்டியவை. ஏறக்குறைய கால் பங்கு மூன்றையும் தாண்டியவை. கறிக்கு வளர்ப்பவர் சேவலை அத்தனை காலம் விட்டுவைக்க மாட்டார். பிரிட்டன் மக்கள் சேவலைத் தின்பதில்லை, விருப்பத்துக்காக வளர்க்கிறார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதிவைத்ததற்குச் சேவல்களின் முள் சாட்சிக்கு வந்திருக்கிறது.

காட்டில் முள் ஆயுதமும் ஆகிறது, விளம்பரமும் ஆகிறது. ஸ்வீடனில் காட்டு ஃபெசன்ட் பறவைகளைக் கவனித்த ஆய்வாளர்கள், பேடைகள் நீண்ட முள்ளுள்ள ஆணையே நாடுகின்றன, அந்த ஆண்களே அதிக காலம் பிழைத்தும் இருக்கின்றன என்று 1989-ல் எழுதினார்கள். நம் மயிலுக்கும் முள் உண்டு. மலையோரப் புதர்க்காடுகளில் வாழும் செந்நிறமான ஒரு சிறு கோழியினத்தில் ஆணுக்கு ஒரே காலில் இரண்டு முதல் நான்கு முள் வரை இருக்கும், அதன் பேடைக்கும் முள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிக்கும் நம் வீட்டுச் சேவலின் காலுக்கும் ஓர் உறவு இருக்கிறது. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை செங்காட்டுக்கோழிதான். ஆனால் பல இனங்களின் காலில் காணும் மஞ்சள் நிறத்துக்கான மரபணு, சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் தெரியவந்தது. மஞ்சள் கால் சேவலைப் பிடித்து முள்ளைப் பார்க்கும்போது, தென்னிந்தியக் காட்டின் ஒரு துணுக்கையும் பிடித்திருக்கிறோம்.

காட்டுச் சேவலின் முள்ளை யாரும் சீவுவதில்லை. அது நாள் முழுக்கக் கல்லிலும் வேரிலும் கால் உரச அலைகிறது. மெத்தென்ற தேங்காய் நார்த் தரையில், கூண்டுக்குள், வேளாவேளைக்குத் தீனி தின்று வளரும் சேவலுக்குத் தேய்மானம் குறைவு. ஒரு சேவலையே பத்துப் பேடைகளோடு நெருக்கமான இடத்தில் அடைப்பதும் நாம்தான். சீவும் வேலை அதனால்தான் நம் பொறுப்பாகிறது.

கூர்முனை ஒன்றே குறி

எல்லாச் சேவலுக்கும் சீவ வேண்டியதில்லை. நான்கு காரணங்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். பேடைகளின் விலாவிலோ முதுகிலோ காயம் தெரிவது முதலாவது. முள் வளைந்து சொந்தக் காலையே குத்த வருவது இரண்டாவது. இரண்டு முள்ளும் ஒன்றோடொன்று இடறிச் சேவல் காலை அகட்டி நடப்பது மூன்றாவது. கம்பிவலையில் முள் மாட்டிக்கொள்வது நான்காவது. மாட்டிய காலை உதறும்போது உறை பிய்ந்து வந்துவிடும். அல்லது கால் எலும்பே முறியும்.

எவ்வளவு சீவ வேண்டும் என்பதற்குப் பள்ளிக்கூட இயற்பியல் போதும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. அரை மில்லிமீட்டர் அகலமுள்ள நுனியைத் தேய்த்து மூன்று மில்லிமீட்டர் அகலமாக உருட்டிவிட்டால் அகலம் ஆறு மடங்கு, பரப்பு 36 மடங்கு. அதே வேகத்தில் அதே கால் இறங்கினாலும் தோலின் மேல் விழும் அழுத்தம் 36-ல் ஒரு பங்காகிவிடும். கிழிக்க வேண்டிய இடத்தில் உரசிவிட்டுப் போகும். முள்ளின் நீளத்தைக் குறைப்பதைவிட அதன் கூரை மழுக்குவதில்தான் பலன் இருக்கிறது. கொம்பு சீவிவிடுவது என்றால் தமிழில் சண்டைக்குத் தூண்டுவது. முள் சீவுவது அதற்கு நேர் எதிர்.

அரத்தை எடுக்கும் முன்

சேவலை வெயிலில் துரத்திப் பிடிக்கக் கூடாது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்பு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. சூட்டை வெளியேற்ற வாயைத் திறந்து இளைப்பதுதான் முக்கிய வழி. கோடையில் துரத்திப் பிடித்த சேவல் கையிலேயே மயங்கிவிடும். இருட்டிய பிறகு அடைந்திருக்கும் இடத்தில் போய் மெதுவாக எடுத்தால் முரட்டுச் சேவலும் சும்மா இருக்கும். மங்கலான வெளிச்சத்தில் கோழிக்குப் பார்வை போதாது.

துண்டு ஒன்றில் இறக்கைகளைச் சேர்த்துச் சுற்றி, தலையில் மெல்லிய துணி போட்டு, ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பிடிப்பவர் மறக்கக் கூடாத ஒன்று: நெஞ்சை அமுக்கக் கூடாது. நமக்கு உதரவிதானம் என்ற தசைச் சுவர் இருக்கிறது. பறவைக்கு அது இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்றுப் பைகள் விரிந்து மூச்சு ஓடும். அன்பாக இறுக்கிப் பிடித்தே பறவையின் மூச்சை நிறுத்திவிட முடியும். தலைகீழாகத் தொங்கவிடுவதும் கூடாது. குடலும் ஈரலும் காற்றுப் பைகள்மேல் சரியும். இரைப்பை நிறைந்திருந்தால் தின்றது தொண்டைக்கு வந்து மூச்சுக்குழாயில் இறங்கலாம்.

கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். நல்ல அரம் ஒன்று, உப்புத்தாள் ஒன்று. முள் மிக நீண்டிருந்தால் நாய்க்கு நகம் வெட்டும் கருவி. பேட்டரியில் சுழலும் சிறு அரமும் கடைகளில் கிடைக்கிறது. பக்கத்தில் சோள மாவு அல்லது பொடித்த படிகாரம் இருக்கட்டும். சவரக் கடையில் கன்னம் வெட்டுப்பட்டால் தடவுகிறார்களே, அதே படிகாரம். அது திசுவைச் சுருங்க வைத்து ரத்தக் கசிவை அடைக்கும். பிடிப்பவரும் சீவுபவரும் கண்ணாடி போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். சேவல் உதைப்பது முகத்தின் உயரத்தில்தான்.

சீவும் முறை

முதலில் முள்ளைக் கழுவித் துடைத்து விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெளிர் நிற முள்ளாக இருந்தால் கைப்பேசி விளக்கைக் கீழே பிடித்துப் பார்த்தால் உள்ளிருக்கும் எலும்பு நிழலாகத் தெரியும். முட்டைக்குள் கரு பார்ப்பதுபோலத்தான். கறுத்த முள்ளில் இது பலிக்காது. இத்தனை சென்டிமீட்டர் வரை வெட்டலாம் என்று பொதுவான அளவும் கொடுக்க முடியாது. உறைக்குள் எலும்பு எதுவரை நீண்டிருக்கிறது என்பது இனத்துக்கு இனம், சேவலுக்குச் சேவல் மாறும். வயதோடும் நீளும்.

காலை அசையாமல் முள்ளின் அடியில் பிடித்துக்கொண்டு, நுனியில் அரம் போட வேண்டும். ஒரே பக்கமாகத் தேய்க்காமல் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் நுனி உருண்டையாகும். சுழலும் அரம் என்றால் இரண்டு நொடி தேய்த்து ஒரு முறை எடுத்துவிட வேண்டும். உரசலில் எழும் சூடு உறை வழியே உயிர்த்தசைக்குப் போய்விடும். முடி கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆறவிட வேண்டிய நேரம். முடியும் முள்ளும் கெரட்டின், கெரட்டினில் கந்தகம் இருக்கிறது. அதனால் வாடையும் ஒன்றாகவே இருக்கிறது.

தேய்த்த முகத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். வெறும் கொம்பாக இருக்கும்வரை காய்ந்த தூள் உதிரும், நிறமும் ஒரே சீராக இருக்கும். நடுவில் வேறு நிறத்தில் ஒரு வட்டமோ இளஞ்சிவப்பான புள்ளியோ ஈரமோ தென்பட்டால் எல்லைக்கு வந்துவிட்டோம். அதற்கு மேல் ஒரு இழுப்பும் கூடாது. வெட்டும் கருவியைப் பயன்படுத்தினால் நுனியில் சில மில்லிமீட்டர் மட்டும் எடுத்து, மிச்சத்தை அரத்துக்கு விட்டுவிடலாம். ஒரேயடியாக வெட்டினால் உறை நெடுக வெடித்து, வெடிப்பு உயிர்த்தசைவரை ஓடும் ஆபத்து உண்டு. மிக நீண்டு வளைந்த முள்ளை இரண்டு மூன்று வார இடைவெளியில் பல தவணையாகக் குறைப்பதே நல்லது.

ரத்தம் வந்துவிட்டால் பதற வேண்டாம். படிகாரத்தையோ சோள மாவையோ வைத்து, சுத்தமான துணியால் சில நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அடிக்கடி துணியை எடுத்துப் பார்த்தால் உறைந்தது மறுபடி பிய்யும். கோழியின் எடையில் நூற்றில் ஏழெட்டுப் பங்கு ரத்தம். இரண்டு கிலோ சேவலுக்கு ஏறக்குறைய 150 மில்லி, ஒரு டம்ளர் தேநீர் அளவு. சில சொட்டுகள் போவதால் ஒன்றுமில்லை. கால் மணி நேரமாகியும் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ரத்தம் கண்ட சேவலை உடனே கூட்டத்தில் விடக் கூடாது. கோழிகளின் கண்ணுக்குச் சிவப்பு பளிச்சென்று தெரியும், தெரிந்தால் கொத்தும். ஒன்று கொத்தினால் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஒரு நாளாவது தனியாக, காய்ந்த தரையில் வைத்திருந்து பிறகு விடலாம். சேவல் கையில் இருக்கும்போதே உள்ளங்காலில் ஆணி விழுந்திருக்கிறதா, கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். செதில் தூக்கியிருந்தால் உள்ளே உண்ணி குடியிருக்கிறது.

கைவைத்தியத்தில் ஒன்று

சுடச்சுட வெந்த உருளைக்கிழங்கை முள்ளில் செருகி, சில நிமிடம் கழித்துக் குறடால் திருகினால் உறை தொப்பிபோல் கழன்று வந்துவிடும் என்று ஒரு கைவைத்தியம் பல நாடுகளிலும் சொல்லப்படுகிறது. வருவது உண்மைதான். ஏன் வருகிறது என்று பார்த்தால் செய்ய மனம் வராது. சூட்டில் உறைக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள உயிர்த்தசை தளர்ந்து பிடி விடுகிறது. அதாவது, உறையைப் பிடித்துவைத்திருந்த உயிருள்ள பொருளை அவித்துவிடுகிறோம். கழன்றபின் உள்ளே தெரிவது சிவந்து கசியும் பச்சைப் புண். நகத்தைப் பிடுங்கிய விரல்போல. மேல் பகுதி கெட்டிப்பட வாரங்கள் ஆகும். கிழங்கு சறுக்கிக் காலில் பட்டால் தோலும் வெந்துபோகும். புண்ணில் கிருமி புகுந்தால் எலும்புக்கே போகும், ஏனென்றால் இந்த எலும்பு கால் எலும்போடு ஒட்டியது. சேவல் கத்தாமல் நின்றது என்பது அதற்கு வலிக்கவில்லை என்பதற்கு அடையாளம் ஆகாது. பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர்கள் வலியை மறைத்தே பழகியவை.

முள்ளை முழுதாக எடுத்தே தீர வேண்டிய நிலை, அதாவது முறிவு, சீழ், காலுக்குள் புகுந்த முள், இவை மருத்துவர் மயக்க மருந்தோடு செய்ய வேண்டியவை.

சீவியதும் சேவலின் குணம் மாறும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். ஆளைக் கண்டால் பாயும் சேவல் சீவிய பிறகும் பாயும். ஆயுதம் மழுங்கியிருக்கிறது, அவ்வளவே. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அப்படிப்பட்ட சேவலை வைத்திருப்பதா என்பது தனிக் கேள்வி. முள் குத்திய காயம் சிறிதாகத் தெரியும், ஆழமாக இருக்கும். மண்ணிலும் எச்சத்திலும் இருக்கும் ரணஜன்னிக் கிருமிக்குக் காற்று புகாத அந்தக் குழிதான் வசதி. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவி, தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

முள் இருந்த இடத்தில் கத்தி ஏறும்போது கதை வேறாகிவிடுகிறது. 2021 பிப்ரவரியில் தெலங்கானாவில் சண்டைக்காகக் கத்தி கட்டப்பட்ட சேவல் திமிறியபோது அதன் உரிமையாளரே வெட்டுப்பட்டு இறந்தார். விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதை 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சேவலுக்கு அதன் உடம்பு கொடுத்த ஆயுதம், ஒரு பேடைக்காகவும் ஒரு வேலியோரத்துக்காகவும் போட்டியிட்டு விலகிக்கொள்ளப் போதுமான அளவில்தான் இருக்கிறது.

எங்கள் செவலைக்குப் பெரியவர்தான் முதல் முறை அரம் பிடித்தார். நான் மடியில் வைத்திருந்தேன். பத்து நிமிட வேலை. இடது முள்ளில் நடுவே மிளகளவு ஈரப் புள்ளி ஒன்று தெரிந்ததும் அவர் கை தானாக நின்றது. "போதுமுங்க தம்பி. இதுக்கு அந்தப் பக்கம் அவனுது." கறுப்புப் பேடையை மூன்று வாரம் தனியாக வைத்திருந்தேன். காயம் ஆறி இறகு முளைத்ததும் முதுகிலும் விலாவிலும் படியும்படி பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு சட்டை தைத்து மாட்டிக் கூட்டத்தில் விட்டேன். இப்போது ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கு முன்தினமும், அவர் தோட்டத்தில் காளைக்குக் கொம்பு சீவி முடித்த பிறகு அரத்தைக் கழுவிக் காயவைத்துக் கொடுப்பார். அன்று இரவு சேவல் அடைந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போவேன்.